பீர் உடம்புக்கு நல்லதா? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

போன தடவை சிறுநீரகக் கல் பற்றி எழுதியதிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை பீர் பற்றியவை. காப்பிக்கடை மேசையில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் வைத்தியக் குறிப்புகள் அவற்றில் நிறைய இருக்கின்றன. சிலவற்றில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது. அதனால்தான் ‘எல்லாம் பொய்’ என்று தள்ளிவிடாமல் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

தினம் ஒரு பீர் இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எனக்கு 52 வயது, இதுவரை குடித்ததில்லை. இனி ஆரம்பிக்கலாமா? (ஈசூன்)

வேண்டாம். இதயத்துக்காக யாருமே குடிக்க ஆரம்பிக்க வேண்டாம்.

அந்தச் செய்தி வானத்திலிருந்து குதித்ததல்ல. 1980, 90களில் வந்த பல ஆய்வுகளில், கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்கு அறவே குடிக்காதவர்களைவிட மாரடைப்பு குறைவாகத் தெரிந்தது. மது எச்டிஎல் எனும் நல்ல கொழுப்பைச் சற்றுக் கூட்டும், ரத்தம் உறைவதைச் சற்றுக் குறைக்கும் என்பதும் உண்மை. அதனால் பலரும் நம்பினார்கள், மருத்துவர்கள் உட்பட. ஆனால் ‘குடிக்காதவர்கள்’ பட்டியலில் யார் யார் இருந்தார்கள் என்று பிற்பாடு துருவிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. முன்பு நிறையக் குடித்து, ஈரல் கெட்டு, டாக்டர் சொல்லி நிறுத்தியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் நிறுத்தினால், வாரத்தில் இரண்டு பீர் குடித்துவிட்டு உடற்பயிற்சியும் செய்யும் வசதியான ஆள் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. சீனாவில் 5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மது உடம்பில் எப்படிச் சிதைகிறது என்பதைத் தீர்மானிக்கும் மரபணுக்களை வைத்து அதில் ஆட்களைப் பிரித்துப் பார்த்தார்கள். மரபணு பிறவியிலேயே வருவது. வசதியோ பழைய நோயோ அதை மாற்றாது. அப்படிப் பார்த்தபோது, அளவாகக் குடிப்பது பக்கவாதத்தைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. குடி கூடக் கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் கூடின. மாரடைப்பைப் பொறுத்தவரை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். புற்றுநோயில் அந்த வாதமும் இல்லை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1988இலேயே மதுவை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். பீர் என்பதால் இதில் சலுகை கிடையாது.

52 வயதுவரை தொடாமல் இருந்திருக்கிறீர்கள். அதை விட்டுவிடாதீர்கள்.

வேலை முடிந்து காப்பிக்கடையில் ஒரே ஒரு பெரிய போத்தல். அவ்வளவுதான். அது அளவான குடிதானே டாக்டர்? (பிடோக்)

அளவைத் தாண்டிவிட்டீர்கள். சிங்கப்பூர்ச் சுகாதார ஆலோசனைப்படி ஆண்களுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 2 அலகு, பெண்களுக்கு 1 அலகு. ஓர் அலகு என்பது ஏறக்குறைய 10 கிராம் சுத்த மது. சாதாரண பீரில் அது 220 மில்லி, சின்ன டின்னில் மூன்றில் இரண்டு பங்குதான்.

நீங்களே கணக்குப் போடலாம். மில்லியை மதுவின் சதவிகிதத்தால் பெருக்கி, அதை 0.8ஆல் பெருக்கி, 100ஆல் வகுங்கள். கிராம் வந்துவிடும். 5 சதவிகித பீர், 330 மில்லி டின்: 13 கிராம். 630 மில்லி பெரிய போத்தல்: 25 கிராம், அதாவது இரண்டரை அலகு. விலை மலிவாகக் கிடைக்கும் ‘ஸ்ட்ராங்’ பீர் 8 சதவிகிதத்தில் 500 மில்லி என்றால் 32 கிராம். ஒரே டின்னில் மூன்று அலகுக்கு மேல்! டின்னின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் அந்தச் சதவிகிதத்தைத் தயவுசெய்து படியுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஐஸ் போட்டால் மது குறைவதில்லை. குவளை காலியாகும் முன்பே யாராவது ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்தால் எவ்வளவு குடித்தோம் என்ற கணக்கும் போய்விடும். அப்புறம், ஆறு நாள் குடிக்காமல் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகக் குடிப்பதும் அளவு ஆகாது. ஒரே நாளில் அவ்வளவு குடிப்பதுதான் இதயத்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அதிகம் குலைக்கும்.

துவாஸில் கட்டுமான வேலை. ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் கல் என்றார்கள். தங்குவிடுதியில் எல்லாரும் ‘ரெண்டு பீர் அடி, கல்லு கரைஞ்சு விழுந்துடும்’ என்கிறார்கள். உண்மையா சார்?

தம்பி, அவர்கள் சொல்வதில் ஒரு நூலளவு உண்மை இருக்கிறது. பின்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகளில், பீர் குடிப்பவர்களுக்குப் புதிதாகக் கல் உண்டாவது குறைவாகத் தெரிந்தது. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை மது கொஞ்ச நேரம் அடக்கிவிடும். அதனால் சிறுநீர் நிறையப் போகும், நீர்த்துப் போகும்.

ஆனால் ஏற்கெனவே இருக்கும் கல்லைப் பீர் கரைக்காது. குடித்ததைவிட அதிகமாக நீர் வெளியேறினால், மறுநாள் காலை வெயிலில் சாரத்தில் ஏறும்போது உன் உடம்பு வறண்டு கிடக்கும். கல் வளர்வதற்கு அதுதான் தோதான நேரம். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் பீர் இன்னும் கெடுதல். வலி மாத்திரையோடு பீர் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுகூட வரலாம்.

4 மில்லிமீட்டர் கல் பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும். ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடி. உன் வேலைக்கு மூன்று லிட்டருக்கு மேலேயே தேவைப்படும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. எலுமிச்சைச் சாறு பிழிந்து குடி. அதிலுள்ள சிட்ரேட் கல் சேர்வதைத் தடுக்கும். ஊறுகாயையும் கருவாட்டையும் குறைத்துக்கொள். வலியோடு காய்ச்சலோ குளிரோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதே. மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு அந்த நேரமே மருத்துவமனைக்குப் போ.

குழந்தை பிறந்து இரண்டு வாரம். தினமும் ஒரு கிளாஸ் ஸ்டவுட் (கறுப்பு பீர்) குடித்தால் பாலும் ரத்தமும் ஊறும் என்கிறார் மாமியார். (பொங்கோல்)

உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். இங்கே சீனக் குடும்பங்களிலும் நம் குடும்பங்களிலும் பல காலமாக இருக்கும் நம்பிக்கை இது. பார்லியில் உள்ள ஒரு பொருள் பால் சுரக்கும் ஹார்மோனைத் தூண்டக்கூடும். ஆனால் அதே கிளாஸில் இருக்கும் மது, பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் ஹார்மோனை அடக்கும். தாய் மது குடித்த பிறகு அடுத்த சில மணி நேரம் குழந்தைக்குக் கிடைக்கும் பால் குறைகிறது என்று பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் எவ்வளவு மது இருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு பாலிலும் இருக்கும். ஓர் அலகுக்கு இரண்டு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பாலைப் பீய்ச்சிக் கொட்டினால் சீக்கிரம் குறையாது.

ரத்தம் ஊறுவது? ஸ்டவுட் கறுப்பாக இருப்பது வறுத்த தானியத்தால். ஒரு கிளாஸில் ஒரு மில்லிகிராம் இரும்புச்சத்துகூடத் தேறாது. 1929இல் தொடங்கிய கின்னஸ் ஸ்டவுட் விளம்பரங்கள்தான் அதற்கு ‘உடம்புக்கு நல்லது’ என்ற பெயரைப் பரப்பின. மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை, பூண்டுக்குழம்பு, முட்டை எல்லாம் நல்லது. சுறாப்புட்டு மட்டும் எப்போதாவது போதும், அந்த மீனில் பாதரசம் அதிகம்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிப்பிசைடும் சாப்பிடுகிறேன். பீர் கசப்புதானே, சர்க்கரை ஏறாதே? (வயது 61, அங் மோ கியோ)

ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்குக் கவலை. சாப்பிடாத நேரத்தில் ஈரல்தான் ரத்தத்துக்குச் சர்க்கரையை விடுகிறது. மது உள்ளே போனால் அந்த வேலை தடைப்படும். கிளிப்பிசைடு போன்ற மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் நள்ளிரவில் சர்க்கரை படுமோசமாக விழலாம். வியர்வை, தடுமாற்றம், குழறல்: பார்ப்பவர்கள் ‘போதையில் இருக்கிறார்’ என்று தூங்கவிட்டுவிடுவார்கள். அதில் உயிரே போகலாம். வெறும் வயிற்றில் கண்டிப்பாக வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) அடுத்த முறை உண்மையான அளவைச் சொல்லிக் கேளுங்கள். கால் பெருவிரலில் வீங்கி வலிக்கும் கௌட் இருந்தால் பீரை விட்டுவிடுங்கள். மது வகைகளில் அதை அதிகம் கிளப்புவது பீர்தான்.

எலும்புக்கும் குடலுக்கும் பீர் நல்லது என்று படித்தேன். மது இல்லாத பீரிலும் அந்தப் பலன் உண்டா? (செங்காங்)

பீரில் சிலிக்கான் இருக்கிறது, கொஞ்சம் பி வைட்டமின்களும் இருக்கின்றன. போர்ச்சுகலில் 19 ஆண்களுக்கு நான்கு வாரம் தினமும் 330 மில்லி பீர் கொடுத்தார்கள், சிலருக்கு மது உள்ளது, மற்றவர்களுக்கு மது இல்லாதது. குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின. கவனியுங்கள்: மது இல்லாத பீர் குடித்தவர்களுக்கும் அப்படியே கூடின. 19 பேரை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த வகைப் பலன்களெல்லாம் தானியத்திலிருந்தும் பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவிலிருந்தும் வருகின்றன. புற்றுநோயும் ரத்த அழுத்தமும் மதுவிலிருந்து வருகின்றன. ருசிக்காகத்தான் வேண்டும் என்றால் மது இல்லாததை வாங்குங்கள், சர்க்கரை அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் சீனத் தோழிக்கு அரை கிளாஸிலேயே முகம் சிவந்துவிடுகிறது. குடித்துப் பழகினால் சரியாகும் என்கிறாள்.

சரியாகாது. கிழக்காசியர்களில் பலருக்கு மதுவின் நச்சுக் கழிவைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. பழகுவதால் நொதி மாறாது. அப்படிப்பட்டவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகவும் அதிகம். அவரிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

கணவர் பல வருடமாக தினமும் பிராந்தி. இப்போது ‘பீர்தானே, ஒன்றும் செய்யாது’ என்று மாறி, இரவுக்கு நான்கு பெரிய போத்தல். நாளையிலிருந்து அடியோடு நிறுத்தச் சொல்லட்டுமா? (உட்லண்ட்ஸ்)

அம்மா, நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் ஒரே நாளில் வீட்டிலேயே வேண்டாம். நான்கு பெரிய போத்தல் என்பது 100 கிராம் மது. இவ்வளவு பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், தூக்கமின்மை, சில பேருக்கு வலிப்பு, மனக்குழப்பம்கூட வரும். முதலில் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். நடுக்கத்தை அடக்க மாத்திரை கொடுத்து, தயமின் எனும் பி1 வைட்டமினும் கொடுத்து, மேற்பார்வையில் நிறுத்துவார்கள். மனநலக் கழக மருத்துவமனையில் இதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. போகும்போது ஒரு வாரத்தில் என்ன, எவ்வளவு, எந்த நேரத்தில் குடித்தார் என்று எழுதி எடுத்துப் போங்கள். முன்பு நிறுத்திப் பார்த்தபோது வலிப்பு வந்திருந்தால் அதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.