16 கோரா, 24 கோரா? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கணினியின் மூளையான பிராசசரில் ஏஎம்டி ரைசன் 9 9950எக்ஸ் வாங்குவதா, இன்டெல் கோர் அல்ட்ரா 9 285கே வாங்குவதா என்று ஒரே வாரத்தில் பலர் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் வேலை வேறு, அதனால் பதிலும் வேறு. கோர் என்பது பிராசசருக்குள் தனித்து வேலை செய்யும் கணக்கிடும் பகுதி.

அண்ணே, இன்டெல்லில் 24 கோர், ஏஎம்டியில் 16தான். வெளிவந்தபோது இன்டெல் 589 டாலர், ஏஎம்டி 649. கோர் கூட, விலை கம்மி. இதில் யோசிக்க என்ன இருக்கு? (பட்டர்வொர்த்)

தம்பி, அந்த 24ஐப் பிரித்துப் பாருங்க. 8 பெரிய கோர், 16 சின்ன கோர். ஒரு கோரையே இரண்டு வேலை ஓட்ட வைக்கும் ஹைப்பர் த்ரெடிங்கையும் இன்டெல் இதில் எடுத்துவிட்டது, ஆக 24 கோருக்கு 24 த்ரெட்தான் (த்ரெட் என்றால் ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). 9950எக்ஸில் 16 கோரும் ஒரே தரம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு என 32 த்ரெட். எல்லா கோரையும் முடுக்கிவிடும் ரெண்டர் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கும்) வேலையில் இரண்டும் ஏறக்குறைய சமமாகத்தான் ஓடும். பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளைப் பயன்படுத்தும் கணக்கீட்டு மென்பொருள் என்றால் ஏஎம்டி முந்தும், ஏனென்றால் 285கேயில் அது கிடையாது. பெட்டியில் போட்டிருக்கும் கோர் எண்ணிக்கையை வைத்து விலை பேசாதீங்க.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். கேமராவில் 4:2:2, 10 பிட் (நிறத்தைக் கூடுதல் விவரத்தோடு பதியும் முறை). இப்போதைய கணினியில் காட்சி திக்கித் திக்கி ஓடுகிறது. 9950எக்ஸ் வாங்கினால் சரியாகுமா? (கிள்ளான்)

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் யோசித்தேன், ஏனென்றால் இதே தவற்றை என் நண்பர் செய்து பார்த்திருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் அவர் அறையில் உட்கார்ந்திருந்தோம். புத்தம் புது 16 கோர் கணினி. ஒரு கேமரா காட்சி ஓடியது. மணவறை, மண்டப வாசல், மேளக்காரர் என்று மூன்று கேமராவையும் அடுக்கியதும், தாலி கட்டும் இடத்தில் மாப்பிள்ளையின் கை பாதியில் நின்று நின்று நகர்ந்தது. அவர் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை.

கோர் போதாமல் வந்த வினை இல்லை அது. 4:2:2 காட்சியைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே தனி மின்சுற்று வேண்டும். 285கேயின் உள்ளிருக்கும் கிராபிக்ஸில், குவிக் சிங்க் என்ற பெயரில், எச்.265 வகை 4:2:2 வீடியோவுக்கு அது இருக்கிறது. 9950எக்ஸின் உள் கிராபிக்ஸில் இந்த வகைக்கு இல்லை. அதனால் உங்க கேமரா எச்.265இல் பதிகிறது என்றால், உங்களுக்கு 285கே என்று தயங்காமல் சொல்வேன். ஒரே விலக்கு: என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு வாங்கப் போகிறீர்கள் என்றால் அதுவே 4:2:2ஐப் பிரித்துவிடும். அப்போது எந்தப் பிராசசரும் சரி. 40 வரிசை கார்டுக்கு அந்தத் திறன் இல்லை, மாறிப்போய் வாங்கிவிடாதீங்க.

ஏர்கோன் இல்லாத அறை. இரவெல்லாம் பிளெண்டரில் (முப்பரிமாணப் பட மென்பொருள்) ரெண்டர் போடுவேன். சூடு தாங்குமா? (செந்தூல்)

பிராசசர் தாங்கும், 9950எக்ஸ் 95 டிகிரி வரை ஓட வடிவமைத்ததுதான். நீங்கதான் தாங்க மாட்டீங்க. 9950எக்ஸ் முழு வேகத்தில் 230 வாட் வரை இழுக்கும், 285கே 250 வரை. அத்தனையும் சூடாக உங்க அறைக்குள்தான் இறங்கும். 9950எக்ஸ் என்றால், கணினியின் அமைப்பு மெனுவான பயோஸில், மின்சாரத்தைக் குறைக்கும் ஈக்கோ மோடை 105 வாட்டுக்கு வையுங்க, உச்சம் 142 வாட்டில் நிற்கும். என் கணினியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ரெண்டர் நேரம் கொஞ்சம்தான் கூடியது, கூலர் இரைச்சலோ நன்றாகவே அடங்கிவிட்டது. தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 17 யூனிட்டுக்கு மேல் மிச்சம்.

லோயாட் கணினிக் கடைகளில் பழைய இன்டெல் 14900கே மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறையில் மின்னழுத்தம் அளவுக்கு மீறிப் போய்ப் பிராசசரே கெடும் சிக்கல் இருந்தது. 2024இல் இன்டெல் மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தம் கொடுத்தது, பெட்டியோடு விற்றவற்றுக்கு உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே கெட்டதைத் திருத்தம் மீட்காது. முன்பு வைத்திருந்தவர் அந்தத் திருத்தம் உள்ள பயோஸை எப்போது போட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ரசீதும் உத்தரவாதமும் கையில் வராமல் ஒரு வெள்ளி கூடக் கொடுக்காதீங்க.

கேம் மட்டும்தான் அண்ணே.

அப்படியானால் ஏஎம்டியின் 8 கோர் 9800எக்ஸ்3டி போதும். மிச்சக் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்க.

அம்மா பாயான் லெப்பாஸ் இன்டெல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இன்டெல்தான் வாங்கணும் என்கிறார். நான் ஆண்ட்ராய்டு மூலநிரலை முழுதாகக் கம்பைல் (நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றுவது) செய்பவன். (பினாங்கு)

அம்மாவுக்கு என் வணக்கம். 1972இல் இன்டெல் அங்கே வந்தது. அதே காலத்தில் ஏஎம்டியும் அதே வட்டாரத்துக்கு வந்தது. நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் இந்த ஆலைகளுக்குப் பேருந்து ஏறிப் போனவர்கள். ஆக எதை வாங்கினாலும் பினாங்குக்குத் துரோகம் இல்லை என்று அவரிடம் சொல்லுங்க.

உங்க வேலைக்கு நான் 9950எக்ஸ் எடுப்பேன். இதைச் செருகும் ஏஎம்5 மதர்போர்டு 2027க்கு அப்பாலும் ஓடும் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால், பிறகு பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரேமில்தான் கவனம் வேணும். த்ரெட்டுக்கு 2 ஜிபி என்று கணக்குப் போட்டாலே 32 த்ரெட்டுக்கு 64 ஜிபி. நான்கு ரேம் செருகினால் ஏஎம்டி உறுதி தரும் வேகம் 5600இலிருந்து 3600க்கு இறங்கிவிடும். அதனால் கடைக்காரர் நான்கு 16 ஜிபியை நீட்டினால் வாங்காதீங்க, 48 ஜிபி ரேம் இரண்டு கேளுங்க.