பாக்கி தராத வாடிக்கையாளர், கூகுளில் ஒற்றை நட்சத்திரம்: தளத்தை முடக்கலாமா?

கேள்வி: கோவையில் ஃப்ரீலான்ஸ் வெப் டிசைனராக இருக்கிறேன். ஒரு ஜவுளிக்கடைக்கு 40,000 ரூபாய் பேசி வேர்ட்பிரஸ் தளம் செய்தேன். பாதிப் பணம்தான் வந்தது. மீதியைக் கேட்டதும், 'தாமதம், தளமும் சரியில்லை' என்று கூகுளில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். டொமைன் (தளத்தின் முகவரி), ஹோஸ்டிங் (தளம் இயங்கும் சர்வர் இடம்) இரண்டின் பாஸ்வேர்டுகளும் என்னிடம் உள்ளன. தளத்தை முடக்கலாமா? அந்த ரிவ்யூவை நீக்க முடியுமா?

பதில்: முடக்காதீர்கள். உரியவரின் அனுமதியின்றி ஒரு கணினி அமைப்பின் இயக்கத்தைக் குலைத்தாலும், அவரை உள்ளே நுழைய விடாமல் செய்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-இன்படி நஷ்டஈடு கேட்கலாம். அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்ததாக நிரூபணமானால் பிரிவு 66-இன் கீழ் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இன்று கடன்பட்டவர் கடைக்காரர். முடக்கினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

டொமைன் உங்கள் பெயரில் இருந்தால் இப்போதே மாற்றிக் கொடுங்கள். டொமைன் வாங்கிய அதே நிறுவனத்தில் கடைக்காரர் பெயரில் ஒரு கணக்கு திறந்து அதற்கு நகர்த்துவது எளிது. டாட்காம் பெயரை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக, பதிவு செய்து 60 நாள் ஆகியிருக்க வேண்டும். டேட்டாபேஸ், வேர்ட்பிரஸ் கோப்புகள் இரண்டையும் பேக்கப் எடுத்த பிறகே எதையும் தொடுங்கள்.

உங்கள் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் அவரிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அல்ல. எனவே, எழுத்தில் மாற்றித் தராதவரை நீங்கள் உருவாக்கிய வடிவமைப்பின் பதிப்புரிமை பொதுவாக உங்களுடையதே. கடை தந்த படங்கள், லோகோ இதில் சேராது. பேசிய தொகை, முடித்த வேலை, தேதிகள் எல்லாம் குறித்த இன்வாய்ஸை மின்னஞ்சலில் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு வழக்கறிஞர் நோட்டீஸ். வழக்குப் போட 3 ஆண்டு காலம் உண்டு. வேலை தொடங்கும் முன்பே உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்திருந்தால், 45 நாள் தாண்டிய பாக்கிக்காகச் சிறுதொழில் சட்டத்தின் கீழும் புகார் செய்யலாம். அந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது.

ரிவ்யூ விஷயத்தில் யார் சொல்வது உண்மை என்று கூகுள் தீர்ப்பு சொல்லாது. வசை, போலி, சம்பந்தமில்லாதவர் எழுதியது போன்ற விதிமீறல் இருந்தால்தான் நீக்கும். உண்மையான வாடிக்கையாளரின் அதிருப்தி அப்படியே நிற்கும். நண்பர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும், நீக்கினால் தள்ளுபடி தருகிறேன் என்பதும் விதிமீறல். பிடிபட்டால் நல்ல ரிவ்யூக்களும் சேர்ந்து போகும்.

பதில் எழுதும் முன், அவர் சொன்ன குறை உண்மையா என்று மொபைல் டேட்டாவில் தளத்தைத் திறந்து பாருங்கள். ஜவுளித் தளங்களில் வழக்கமான கோளாறு, கேமராவில் எடுத்த 5 எம்பி புடவைப் படங்களை அப்படியே ஏற்றுவது. 1,600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் பெரும்பாலும் 200 கேபி அளவுக்கு இறங்கிவிடும். சரிசெய்த பிறகு இப்படி எழுதுங்கள்: 'தளம் சொன்ன தேதியைத் தாண்டியது உண்மை, வருந்துகிறோம். படங்கள் மெதுவாக வந்த குறையைச் சரிசெய்துவிட்டோம். வேறு குறை இருந்தால் அழையுங்கள்.' பாக்கியைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் வேண்டாம். அதைப் படிக்கப்போவது உங்கள் அடுத்த வாடிக்கையாளர். ரிவ்யூவை எழுதியவர் பின்னால் திருத்த முடியும். ஒருமுறை கேளுங்கள், வற்புறுத்தாதீர்கள்.

அடுத்த வேலையில் டொமைனை வாடிக்கையாளரே தன் மின்னஞ்சலில் வாங்கட்டும். தளத்தை உங்கள் சோதனை முகவரியில் கட்டிக் காட்டி, கடைசித் தவணை வந்த பிறகே அவருடைய ஹோஸ்டிங்குக்கு ஏற்றுங்கள்.