வலி போயிடுச்சு, கல்லு போச்சா?

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 42 வயசு, துவாஸ்ல ஷிப்யார்டு வேலை. போன வாரம் ராத்திரி விலாவுல ஆரம்பிச்ச வலி தொடை இடுக்கு வரைக்கும் இறங்கி தரையில உருண்டுட்டாரு, ஆஸ்பத்திரி ஏ அண்ட் ஈக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) கூட்டிட்டு ஓடினோம். ஸ்கேன்ல இடது பக்க யூரின் குழாயில 7 மில்லிமீட்டர் கல்லு, கிட்னி வீங்கியிருக்குன்னு சொல்லி மாத்திரை குடுத்து 2 வாரத்துல வரச் சொன்னாங்க. இப்ப 4 நாளா வலியே இல்ல. தேக்காவுல வாங்கின வாழைத்தண்டு சாறு கல்ல கரைச்சிடுச்சுங்கிறாரு, ஒண்ணுக்கும் நல்லா போகுதாம், அப்பாயின்மென்ட்ட கேன்சல் பண்ணுங்கிறாரு. பண்ணலாமா?
- ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: பண்ணாதீங்கம்மா. அந்தக் குழாயோட உள் அகலமே 3, 4 மில்லிமீட்டர்தான், அதுல கல்லு மாட்டிக்கிட்டாலும் கிட்னி பாட்டுக்கு யூரின் உற்பத்தி பண்ணிக்கிட்டே இருக்கும், இறங்க வழியில்லாம அது மேலயே தேங்கித்தான் கிட்னி உப்புது, இதைத்தான் ரிப்போர்ட்ல ஹைட்ரோநெஃப்ரோசிஸ்னு போட்டிருப்பாங்க. அடைப்பு நீடிச்சா அந்தக் கிட்னிக்கு ரத்த ஓட்டம் குறையும், யூரின் உற்பத்தியும் குறையும், அழுத்தம் இறங்கி வலியும் அடங்கிடும், ஆனா கல்லு அங்கேயே உக்காந்திருக்கலாம். ஒண்ணுக்கு நல்லா போறது வலது கிட்னியோட உபயம். இடது பக்கத்துல என்ன நடக்குதுன்னு அதை வச்சு சொல்லவே முடியாது. இப்படி சத்தமில்லாம பல வாரம் அடைச்சே கிடந்தா அந்தக் கிட்னி நிரந்தரமா கெட்டுப் போகலாம், அதனால கல்லு போச்சா வீக்கம் வத்துச்சான்னு மறுபடி ஸ்கேன்லதான் பாக்கணும்.

வாழைத்தண்டு சாறு குடிக்கட்டும், எங்க வீட்லயும் குடிப்போம், ஆனா 7 மில்லிமீட்டர் கல்ல 4 நாள்ல அது கரைக்காது. 4 மில்லிமீட்டர்க்குள்ள இருந்தா பெரும்பாலும் தானா வந்துடும், 10 தாண்டினா வர்றது அபூர்வம், 7 ரெண்டுங்கெட்டான். வரலைன்னா குழாய் வழியா சின்ன கேமரா விட்டு லேசர்ல உடைச்சு எடுப்பாங்க, சில பேருக்கு யூரின் இறங்க உள்ள ஸ்டென்ட்ங்கிற சின்ன குழாய் வைப்பாங்க, அப்படி வச்சா அதை எடுக்குற தேதிய மறந்துடாதீங்க.

நடுவுல குளிர் காய்ச்சல் வந்தா மட்டும் பனடால் போட்டு ராத்திரிய ஓட்டாதீங்க. தேங்கின யூரின்ல கிருமி சேர்ந்தா சில மணி நேரத்துல ரத்தத்துல ஏறிடும், உயிருக்கே ஆபத்து, நேரா ஏ அண்ட் ஈதான்.

அப்பாயின்மென்ட் வரைக்கும் பழைய டீ வடிகட்டி ஒண்ணை பாத்ரூம்ல வச்சு அதுலயே ஒண்ணுக்கு போகச் சொல்லுங்க, முறைப்பாரு, பரவாயில்ல. கல்லு விழுந்தா டப்பாவுல போட்டு அப்பாயின்மென்ட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, என்ன வகைக் கல்லுன்னு லேப்ல பாத்துடலாம்.