ஆங்கில இலக்கியம்: ஆச்சியிடம் கேளுங்கள்

காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பல வருஷம் ஷேக்ஸ்பியரும் டிக்கன்ஸும் நடத்தியவள் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஆச்சி, ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்துக்கு நோட்ஸ் முழுக்க மனப்பாடம். ஆனால் ஒரு வரியைக் கொடுத்து விளக்கச் சொன்னால் கை ஓடவில்லை. (பி.ஏ. மாணவர், தேவகோட்டை)

நோட்ஸை மூடி வை, தம்பி. வரியை வாய்விட்டுப் படி. மனைவி இறந்த சேதி வந்ததும் மேக்பெத் சொல்கிறான்: 'டுமாரோ, அண்ட் டுமாரோ, அண்ட் டுமாரோ'. விரல் மடக்கி அசையை எண்ணு. வழக்கமாக வரிக்குப் பத்து, இங்கே பதினொன்று. லேசாக ஒன்று, அழுத்தி ஒன்று என்று நடக்கிற சந்தம் அது. அதில் வெறும் 'அண்ட்' கூட அழுத்தம் விழும் இடத்தில் வந்து உட்கார்கிறது. வரி நகரவே மாட்டேன் என்கிறது. பொழுது போகாதவன் பேச்சு அப்படித்தான் இழுபடும். மேக்பெத் விரக்தியில் இருக்கிறான் என்று எல்லாரும் எழுதுவார்கள். அது எந்தச் சொல்லில் காதில் விழுகிறது என்று நீ எழுது.

டிக்கன்ஸ் பக்கம் பக்கமாக வர்ணிக்கிறார். தாண்டிவிட்டுக் கதையை மட்டும் படிக்கலாமா ஆச்சி? (கானாடுகாத்தான்)

தாண்டாதே ஆத்தா, கதையே அங்கேதான் கிடக்கிறது. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 8-ஆம் அத்தியாயத்தில் சிறுவன் பிப், மிஸ் ஹாவிஷாமின் அறைக்குள் போகிறான். அவள் உடுத்தியிருக்கிற கல்யாண உடுப்பு வெள்ளை போய் மஞ்சளாகிவிட்டது. ஒன்பதுக்கு இருபது நிமிஷம் இருக்கையில் கடிகாரம் நின்றிருக்கிறது. ஒரு காலில்தான் ஷூ, மற்றது மேஜைமேல். 22-ஆம் அத்தியாயத்தில்தான் பிப்பின் நண்பன் ஹெர்பர்ட் விஷயத்தைச் சொல்கிறான்: அவள் கல்யாணத்துக்கு உடுத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான், மாப்பிள்ளை அவளைக் கைவிட்டதாகச் சொல்லும் கடிதம் வந்தது. 1860-61-இல் வாரத் தொடராக வந்த நாவல் இது. அன்றைக்குப் படித்தவர்கள் இந்த விடைக்கு வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆனால் அந்த ஒற்றை ஷூவைக் கவனித்தவருக்குப் பாதிக் கதை முன்பே பிடிபட்டிருக்கும்.

பூட்டிக் கிடக்கிற வளவு வீட்டைத் திறந்து நுழைந்தால் நம் கண் எதில் போய் நிற்கும்? பட்டாலையில் சுருட்டிய பாய், தேதி கிழிக்காத காலண்டர். அதே கண்ணோடு இந்த அறைக்குள்ளும் போ.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல் நம் ஊர்க் கல்யாணப் பேச்சு மாதிரியே இருக்கிறது. தேர்வில் அப்படி எழுதலாமா? (காரைக்குடி)

எழுதலாம், அதோடு நிறுத்திவிடாதே. பெண்களைக் கட்டிக்கொடுக்கத் துடிக்கிற தாய் திருமதி பென்னட்டின் பதற்றத்துக்குப் பின்னால் ஒரு சொத்து ஏற்பாடு இருக்கிறது. ஆண் வாரிசுக்குத்தான் சொத்து, பிறந்தது ஐந்தும் பெண். கணவர் பென்னட் காலமானால் வீடு உறவுக்காரர் காலின்ஸுக்குப் போய்விடும். இது தெரிந்தபின் அந்த அம்மாவைப் பார்த்து என்னால் முழுசாகச் சிரிக்க முடிந்ததில்லை.

தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தால் தப்பா ஆச்சி? (திருப்பத்தூர்)

தப்பே இல்லை. கதை பிடிபட முதலில் தமிழில் படி. அப்புறம் மூலத்தில் உனக்குப் பிடித்த ஒரே ஒரு பக்கத்தை எடுத்து, சொல் சொல்லாக மெதுவாகப் போ.