அடிக்குறிப்பைத் திறந்து பாருங்கள்: விக்கிப்பீடியா பற்றிய கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் வாசகர் வட்டத்தினர் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிய கேள்விகளுக்கு, 14 ஆண்டுகளாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியும் திருத்தியும் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஒரு தாய்): ஐயா, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்னும் விக்கிப்பீடியாவை நம்பி என் மகள் பள்ளிப் பாடத்துக்குக் குறிப்பு எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், அம்மா. ஆனால் கட்டுரை முழுவதையும் நம்பலாமா என்று கேட்காமல், இந்த ஒரு வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று கேட்க அவளைப் பழக்குங்கள். 2005இல் நேச்சர் அறிவியல் இதழ் 42 தலைப்புகளைத் துறை வல்லுநர்களிடம் கொடுத்து ஒப்பிட்டபோது, ஒரு கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் ஏறக்குறைய 4 பிழைகளும் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் ஏறக்குறைய 3 பிழைகளும் இருந்தன. அந்த ஒப்பீட்டைப் பிரிட்டானிக்கா மறுத்தது. அவை பலரும் படிக்கும் ஆங்கில அறிவியல் கட்டுரைகள் என்பதை மறக்கக் கூடாது. நாள்தோறும் ஆயிரம் பேர் படிக்கும் பக்கத்தில் விழுந்த பிழையை எவராவது ஒருவர் பார்த்துத் திருத்திவிடுவார். மாதத்துக்கு நான்கு பேர் திறக்கும் நம் ரப்பர் தோட்டத்துப் பள்ளியின் பக்கத்தில் அதே பிழை ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஆகவே சான்றைக் காட்டும் அடிக்குறிப்பைத் திறக்காமல் ஆண்டையோ எண்ணையோ எடுத்து எழுத வேண்டாம்.

கேள்வி (படிவம் 5 மாணவி): மலாயாவில் ஆங்கிலேயர் அறிவித்த அவசரகாலம் தொடங்கிய நாள் ஒரு பக்கத்தில் 1948 ஜூன் 16 என்றும் இன்னொரு பக்கத்தில் ஜூன் 18 என்றும் இருக்கிறது. எது பொய், ஐயா?

பதில்: இரண்டும் பொய்யில்லை, தங்கச்சி. ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளுக்கு அறிவிக்கப்பட்ட அவசரகாலம், ஜூன் 18 அன்று மலாயாக் கூட்டரசு முழுமைக்கும் நீட்டிக்கப்பட்டது. "தொடங்கியது" என்ற ஒரே சொல்லுக்குள் இருவர் இரண்டு நிகழ்ச்சிகளை வைத்து எழுதியிருக்கிறார்கள். முரண்பாட்டைக் கண்டவுடன் ஒன்றை அடித்துவிடாமல், ஒவ்வொருவரும் எதைக் கருதி அந்த நாளை எழுதினார் என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: என் தந்தையாரின் இனிப்புநீர் மாத்திரையின் அளவை அதில் பார்த்துக் கூட்டிக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. கிளினிக்கில் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: விக்கிப்பீடியா நம்பகமானதா?

பதில்: முதல் கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது தோட்டக் கங்காணி): நான் பிறந்த தோட்டத்தின் தமிழ்ப்பள்ளி 1946இல் தொடங்கியதாக எழுதியிருக்கிறார்கள். 1931இலேயே பள்ளி இருந்ததாக என் அப்பா சொல்வார். பேரனை விட்டுத் திருத்தினேன். பத்தே நிமிடத்தில் அழித்துவிட்டார்கள். எங்கள் வார்த்தைக்கு மதிப்பே இல்லையா, சார்?

பதில்: அண்ணே, அந்தப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கணக்கிலிருந்து, எதை மாற்றினார்கள் என்பது வரிசையாக அங்கே இருக்கிறது. உங்கள் பேரன் 1946ஐ அழித்து 1931 என்று எழுதியிருக்கிறார்; திருத்தத்தின் காரணத்தை எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதை நீக்கியவர் "சான்று இல்லை" என்று எழுதி நீக்கியிருக்கிறார். அவர் உங்கள் தந்தையாரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. திரையில் அவருக்குத் தெரிந்தது ஓர் எண்ணை மாற்றிய ஒரு கை மட்டுமே. ஆனால் அவர் விட்டுவைத்த 1946க்கும் அங்கே சான்று இல்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. அடிக்குறிப்பு இருக்கிறதா என்று நாமும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை.

1931ஐ நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஜப்பானியர் காலத்தில் மூடிக்கிடந்த பள்ளியைப் போருக்குப் பின் மீண்டும் திறந்த ஆண்டை, தொடங்கிய ஆண்டாக யாரோ எழுதிவிட்டிருக்கலாம். இது என் ஊகம். ஊகத்தைக் கட்டுரையில் ஏற்றக் கூடாது என்பதால் இங்கே மட்டும் எழுதுகிறேன்.

கேள்வி (ஒரு கிராணியின், அதாவது தோட்ட எழுத்தரின் மகள்): குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள், ஐயா. துரைமார் எழுதி வைத்த அறிக்கை சான்று, ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர் வாய்ச்சொல் சான்றில்லை என்றால், நம் வரலாறு எப்போதுதான் ஏறும்? தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் தொழிலாளர் குடியிருந்த லயங்களே போய்விட்டன. ஏட்டுக்கு எங்கே போவது?

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அம்மா. எழுதி வைத்தவர்களுக்குச் சாய்வாகத்தான் இந்த விதி அமைந்திருக்கிறது. ஆயினும் விதியைத் தளர்த்தினால் உங்கள் தந்தையாரின் சொல்லோடு, ஊரில் பெயர் வாங்க நினைப்பவரின் சொல்லும் அதே கதவு வழியாக உள்ளே வரும். முதியவரின் குரலைப் பதிவு செய்து, சொன்னவர் யார், கேட்டவர் யார், எந்த நாள் என்பதோடு வேறோர் இடத்தில் அச்சிடுங்கள். பிறகு விக்கிப்பீடியாவில் "இன்னாரின் நினைவுப்படி" என்று அதைச் சுட்டலாம்.

கேள்வி (கோயில் செயலவையில் இருப்பவர்): அதற்குக் கும்பாபிஷேக மலர் போதுமே?

பதில்: மலரில் என்ன ஆபத்து என்பதை நானே கண்டிருக்கிறேன். இந்த வட்டாரத்துக் கோயில் ஒன்றின் மலரில் அச்சாகியிருந்த தொடக்க ஆண்டை, மலரைச் சான்றாகக் காட்டிக் கட்டுரையில் சேர்த்தேன். பின்னர் பக்க வரலாற்றைப் பின்னோக்கிப் படித்தபோது, மலர் அச்சாவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அதே ஆண்டைச் சான்றின்றி ஒருவர் எழுதியிருந்ததும், இடையில் அது நீக்கப்பட்டிருந்ததும் தெரிந்தது. மலர்க் குழுவினர் அங்கிருந்துதான் எடுத்திருந்தார்கள். பாம்பு தன் வாலைத் தானே விழுங்கிய கதை இது. விழுங்க வைத்தவன் நான் என்பதால், அந்த வரியை நானே நீக்கினேன்.

உலக அளவிலும் இது நடந்திருக்கிறது. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர் கோவாட்டி என்னும் விலங்குக்குப் "பிரேசில் ஆர்ட்வார்க்" என்ற பெயரும் உண்டு என்று விளையாட்டாக எழுதினார். செய்தித்தாள்கள் அதை எடுத்தாள, பிறகு அந்தச் செய்தித்தாள்களே அவருடைய வாக்கியத்துக்குச் சான்றாயின. ஆகவே மலர் வந்த ஆண்டையும், அந்த வரி விக்கிப்பீடியாவில் முதலில் ஏறிய ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அடிக்குறிப்பு இருக்கிறது என்பதோடு நிற்காமல், அதைத் திறந்து படியுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் படிப்பது நல்லதா, தமிழில் படிப்பது நல்லதா?

பதில்: இரண்டையும் படியுங்கள். சிறிய மொழிகளில் காவல் குறைவு. ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழியின் விக்கிப்பீடியாவில் அம்மொழி தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர் 20,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதியிருந்தது 2020இல்தான் வெளியே தெரிந்தது. தமிழில் எழுதுபவர்கள் அதிகம் என்றாலும், மலேசியத் தோட்டங்களை அறிந்து திருத்துபவர்கள் மிகச் சிலரே.

கேள்வி: சுற்றி வளைக்காமல் ஒரே சொல்லில் சொல்லுங்கள், நம்பலாமா, கூடாதா?

பதில்: இந்தக் கேள்வி மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. ஒரே சொல்லில் பதில் சொன்னால் அது தவறான பதிலாகத்தான் இருக்கும். முதல் பதில் மேலே இருக்கிறது.

கேள்வி: கூகுள் வரைபடத்தில் எங்கள் தோட்டத்தின் பெயர் தவறாக இருக்கிறது.

பதில்: அந்த இடத்தைத் தொட்டுத் திருத்தம் அனுப்பலாம். பெயர்ப்பலகையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி (மண்டோர், மீண்டும்): சார், தகரப் பெட்டியைத் தேடினேன். அப்பாவின் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது, 1939 என்று மையில் எழுதி, தோட்டத்தின் முத்திரையும் இருக்கிறது. போதுமா?

பதில்: அண்ணே, அதைப் படித்ததும் எனக்கு உடல் சிலிர்த்தது. அது 1931ஐ நிறுவாது. ஆனால் 1939இல் அங்கே பள்ளி இருந்தது என்பதை நிறுவும். 1946இல்தான் தொடங்கியது என்ற வரி அதற்கு முன் நிற்காது. தாளை மடிக்காதீர்கள், நெகிழித்தாள் ஒட்டாதீர்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை நானே வீட்டுக்கு வருகிறேன். பேரனையும் இருக்கச் சொல்லுங்கள். சான்றிதழையும் உங்கள் நினைவையும் கட்டுரையாக எழுதி நம் வட்டத்தின் ஆண்டிதழில் முதலில் அச்சிடுவோம்.