ரிகாவில் பன்றி இறைச்சி இல்லாமல் சாப்பிட

இரண்டு நாள்தான் லாட்வியத் தலைநகர் ரிகாவில், மனைவி பன்றி இறைச்சி தொடமாட்டார், ஆனால் லாட்வியச் சாப்பாடுதான் வேண்டும் என்கிறீர்கள். சிக்கல்தான், அங்கே கொண்டைக்கடலை சுண்டல் மாதிரி அப்பாவியாக இருக்கும் சாம்பல் பட்டாணியில்கூட வறுத்த பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) துண்டு கிடக்கும், பிராகி பன்னுக்குள்ளும் அதேதான். முதல் நாள் லிடோ என்ற சுயசேவை உணவகத்துக்குப் போங்கள். தட்டை எடுத்துக்கொண்டு கண்ணால் பார்த்துக் கேட்டு வாங்கலாம். கோடை என்றால் பீட்ரூட் குளிர்சூப்பை விடாதீர்கள்: கெஃபிர் என்ற புளித்த பாலில் வெள்ளரி, வெந்த முட்டை, சோயிக்கீரை, அடர் ரோஸ் நிறம், கிட்டத்தட்ட நம் பச்சடிதான். அப்புறம் ரை என்ற தானியத்தின் ரொட்டித் தூளும் கிரீமும் அடுக்கிய இனிப்பு. நவீனச் சமையலுக்கு மிஷ்லின் நட்சத்திரம் பெற்ற மேக்ஸ் செகோட் கிச்சன் என்ற உணவகம் இருக்கிறது, பர்ஸ் கனக்க வேண்டும், முன்பதிவிலேயே பன்றி வேண்டாம் என்று எழுதிவிடுங்கள்.