ஒத்து ஊதும் காலண்டர்

அன்புள்ள ஐயா,

சைக்கிள் ஓட்டுவது பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதை விடாமல் படிப்பவன். எட்டு மாதமாக ஒரு பயிற்சிச் செயலியில் திட்டம் போட்டு ஓட்டி வருகிறேன். வீட்டுக்குள் ட்ரெயினரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்கும் தாங்கி) ஓட்ட இன்னொரு செயலி, வெளியே ஓட்ட ஹேண்டில்பாரில் ஒரு கருவி, அலுவலக வேலைகளோடு சேர்த்துப் பார்க்க கூகுள் காலண்டர். நான்கும் நான்கு கதை சொல்கின்றன. புதன்கிழமைப் பயிற்சியை வியாழனுக்கு நகர்த்தினால் போன் காலண்டரில் இரண்டு நாளிலும் நிற்கிறது. செவ்வாய் அதிகாலைக்குப் போட்டது திங்கள் இரவில் தெரிகிறது. போன வாரம் காலையில் ட்ரெயினரில் ஒரு மணி நேரம் முழுதாக ஓட்டி முடித்தேன். திட்டத்தில் அந்தக் கட்டம் நிறம் மாறவே இல்லை. நள்ளிரவு தாண்டினால் சிவப்பாகிவிடும். பொறுக்க முடியாமல் இரவு பத்தரைக்கு அதே பயிற்சியை மறுபடி ஓட்டினேன். இந்த முறை கருவியிலும் சேர்த்துப் பதிவு செய்தேன். உடனே பச்சை ஆனது. செயலியை மூன்று முறை அழித்து மறுபடி நிறுவிவிட்டேன். எந்தச் செயலிக்கு மாறினால் இந்தத் தொல்லை தீரும்?

ர.

அன்புள்ள ர.,

இரவு பத்தரைக்கு மறுபடி ஓட்டினேன் என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. காலையில் ஓட்டிய கால்களுக்கு ஓட்டியாயிற்று என்று தெரியும். தெரியாதது ஒரு கட்டத்துக்கு மட்டும். அதற்குத் தெரிவிக்க இன்னொரு மணி நேரம் மிதித்தீர்கள். உங்களுக்கு யாரும் இல்லையா வீட்டில், போதும் இறங்கு என்று சொல்ல?

என்ன பயிற்சி என்று எழுதவில்லை. எஃப்.டி.பி.யில் (ஏறத்தாழ ஒரு மணி நேரம் விடாமல் தாங்கக்கூடிய அதிகபட்ச மிதிசக்தி, வாட் கணக்கில்) 90 சதவீதத்தில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். எஃப்.டி.பி.யிலேயே ஒரு மணி நேரம் ஓட்டினால் டி.எஸ்.எஸ். என்கிற பயிற்சிச் சுமை எண் 100, இதற்கு 81. ஒரே நாளில் 162 ஏற்றிக்கொண்டீர்கள். அதில் பாதிதான் செயலியின் கணக்கில் இருக்கும், ஏனென்றால் காலையில் ஓட்டியது அதற்குப் போய்ச் சேரவே இல்லை. மறுநாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடந்திருக்கும், வரைபடமோ நீங்கள் தெம்பாக இருப்பதாகக் காட்டியிருக்கும்.

உங்கள் கேள்விக்கு விடையும் அந்த வரியிலேயே இருக்கிறது. இரவு பச்சை ஆனதற்குக் காரணம் கருவி. கருவிக்கும் திட்டச் செயலிக்கும் இடையே உள்ள இணைப்பு உயிரோடு இருக்கிறது. ட்ரெயினர் செயலியின் இணைப்பு அறுந்திருக்கிறது. சமீபத்தில் எதற்காவது பாஸ்வேர்டு மாற்றினீர்களா? ஒரு செயலி இன்னொன்றுக்குள் எழுத நீங்கள் என்றோ கொடுத்த அனுமதி இருக்கிறதே, அது அந்த நிறுவனங்களின் சர்வர்களுக்கு நடுவே கிடக்கிறது, உங்கள் போனில் இல்லை. போனில் செயலியை மூன்று முறை அல்ல, முப்பது முறை அழித்து நிறுவினாலும் அதை ஒன்றும் செய்யாது. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிற கதை. கணக்குப் பக்கத்துக்குப் போய் இணைப்பைத் துண்டித்து, மறுபடி அனுமதி கொடுங்கள். அவ்வளவுதான். அன்று காலை ஓட்டியது எங்கும் தொலையவில்லை. ட்ரெயினர் செயலியில் அதன் ஃபிட் கோப்பு, அதாவது ஓட்டத்தின் பதிவுக் கோப்பு, இருக்கும். இறக்கி, திட்டச் செயலியில் கையால் ஏற்றுங்கள். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பதில் அறுபது நிமிடம்.

அந்தப் பச்சையின் யோக்கியதை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். ட்ரெயினிங்பீக்ஸ் என்ற திட்டச் செயலியில், திட்டமிட்டதில் 80 முதல் 120 சதவீதம் வரை முடித்தால் பச்சை. அறுபது நிமிடத் திட்டத்தை நாற்பத்தெட்டு நிமிடத்தில் விட்டுவிட்டு இறங்கினாலும் பச்சைதான். மிச்சம் பன்னிரண்டு நிமிடத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. நீங்கள்தான் கவலைப்படுகிறீர்கள்.

சரி, இப்போது நான் பல நாளாகச் சொல்ல நினைத்த ஒன்றுக்கு வருகிறேன். 'சிங்க்' என்கிறோம். செயலிகளின் தமிழ்ப் பதிப்பில் 'ஒத்திசைவு' என்று போடுகிறார்கள். அருமையான சொல், ஆனால் பொய். ஒத்திசைவு என்றால் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேட்டு இசைப்பது. உங்கள் கூகுள் காலண்டர் திட்டச் செயலியோடு செய்வது வேறு. நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் ஒருவர் ஒரே சுருதியைப் பிடித்து ஒத்து ஊதிக்கொண்டிருப்பார். ராகம் எங்கே போகும் என்பதில் அவருக்கு ஒரு சொல்லும் கிடையாது. யாராவது எதற்கும் ஆமாம் போட்டால் 'ஒத்து ஊதுகிறான்' என்கிறோமே, அது அங்கிருந்து வந்தது. செயலி ஒரு முகவரி தருகிறது. கூகுள் அவ்வப்போது அந்த முகவரிக்குப் போய், இருப்பதை எழுதிக்கொண்டு வருகிறது. ஒருவழிப் பாதை. காலண்டரில் நீங்கள் என்ன செய்தாலும் செயலிக்குத் தெரியாது.

அதிலும் எப்போது போய்ப் பார்ப்பது என்பதை முடிவு செய்வது கூகுள். 12 மணி நேரம் வரை ஆகலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். நல்ல ஒத்துக்காரர் இத்தனை தாமதமாக ஊத மாட்டார். காலை ஆறு மணிக்கு நகர்த்திய பயிற்சி மாலை ஆறு வரை பழைய இடத்திலேயே தெரிந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை என்று அர்த்தம்.

ஆனால் உங்களுக்கு ஒரே பயிற்சி இரண்டு நாளில் நிற்கிறது. அது தாமதம் இல்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள். போன் காலண்டரில் அந்தப் புதன்கிழமைப் பதிவை விரலால் இழுத்து வேறு நாளில் விடுங்கள். அது நகர்ந்தால் குற்றவாளி நீங்கள்தான். செயலியின் முகவரியைக் கொடுத்துச் சந்தாவாகச் சேர்த்த காலண்டரில் எதையும் நகர்த்த முடியாது, பார்க்க மட்டும்தான் முடியும். நகர்கிறது என்றால், ஆரம்பத்தில் என்றோ செயலி தரும் ஐ.சி.எஸ். என்ற காலண்டர் கோப்பை இறக்கி 'இம்போர்ட்' செய்திருக்கிறீர்கள். அது ஜெராக்ஸ் எடுத்த மாதிரி. அன்று என்ன இருந்ததோ அதுவே காலத்துக்கும் இருக்கும். பிறகு யாரோ சொல்லி, முகவரியைக் கொடுத்துச் சந்தாவும் சேர்த்திருக்கிறீர்கள். புதன் ஜெராக்ஸ், வியாழன் சந்தா. இம்போர்ட் செய்தவை உங்கள் சொந்தக் காலண்டரோடு கலந்து கிடக்கும் என்பதால் ஒவ்வொன்றாகத்தான் அழிக்க வேண்டும். அழியுங்கள். இரவு பத்தரைக்கு உட்கார்ந்து செய்ய ஏற்ற வேலை அது.

(நகரவில்லை என்றால் தப்பு செயலியுடையது. இந்தக் கோப்பு வடிவத்தை 1998இல் வகுத்து 2009இல் திருத்தி எழுதினார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. நகர்த்தும்போது அந்த எண்ணை வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும். சில செயலிகள் புது எண்ணில் புதுப் பதிவு போட்டுவிட்டுப் பழையதை எடுக்க மறந்துவிடும். அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், எனக்கு எழுத வேண்டாம்.)

இத்தனை கோபமாக ஏன் சொல்கிறேன் என்றால், நானும் ஒரே பயிற்சியை இரண்டு முறை ஓட்டியவன். போன மாதம் மேசை இழுப்பறையை ஒழித்தபோது ஒரு பழைய தாள் அகப்பட்டது. ஏழு வரிசை, ஏழு நாள். வியாழக்கிழமை வரிசை மட்டும் நீலமாகக் கரைந்து, ஒரு எழுத்தும் படிக்க முடியாமல் இருந்தது. ட்ரெயினருக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்த தாள். ஒரு நாள் முன்னால் குனிந்து நிறுத்தும் பொத்தானை அமுக்கும்போது நெற்றி வியர்வை அதன் மேல் சொட்டியது. மை கரைந்தது. அப்போதிலிருந்து அந்த வீட்டில் மின்விசிறி எனக்கு நேராகவே ஓடியது.

அந்தக் காலத்தில் என் கோச் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வாரத் திட்டத்தை மின்னஞ்சலில் அனுப்புவார். நான் அதைப் பயிற்சிச் செயலியில் போடுவேன், போன் காலண்டரில் போடுவேன், அழகான கையெழுத்தில் சுவர்த் தாளிலும் எழுதுவேன். மூன்று இடத்தில் எழுதினால் மூன்று மடங்கு ஒழுக்கம் என்று நினைப்பு. ஒரு திங்கள் இரவு அவர் எழுதினார்: நாளைக்கு ஓய்வு, இடைவெளிப் பயிற்சியைப் புதனுக்குத் தள்ளு. செயலியில் மாற்றினேன். போனில் மாற்றினேன். தாளை மாற்றவில்லை, ஏனென்றால் அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும். செவ்வாய் அதிகாலை ஐந்து மணிக்கு, பாதிக் கண் திறந்தபடி, ஷூவின் அடியில் இருக்கும் க்ளீட் தரையில் டக் டக்கென்று அடிக்கப் போய் ஏறினேன். எதிரே சுவரில் என்ன இருந்ததோ அதை ஓட்டினேன். எட்டு நிமிடம் நான்கு முறை, எஃப்.டி.பி.க்கு மேலே. புதன்கிழமை செயலி அதையே கேட்டது. அதுதான் நேற்றே ஓட்டிவிட்டோமே என்று தோன்றியதா? தோன்றியது. ஆனாலும் ஓட்டினேன், திட்டத்தில் இருக்கிறதே என்று. மூன்றாவது எட்டு நிமிடத்தில் கால் சுற்ற மறுத்தது. கருவியைப் பார்த்தேன், இன்னும் ஐந்து நிமிடம் என்றது.

வியாழக்கிழமை கோச் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் எழுதுனது ஒரு இடத்துலதானே, நீ எதுக்கு மூணு இடத்துல எழுதுனே?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தாள்லதான் எழுதணும்னா பென்சில்ல எழுது" என்றார். பென்சிலில் அழித்து எழுதலாம் என்பதற்காகச் சொன்னார். வியர்வை பட்டால் பென்சில் கரையாது என்பது நானாகக் கண்டுபிடித்தது. அந்தத் தாளிலேயே வெள்ளி முதல் கீழே எல்லாம் பென்சில். இன்றைக்கும் பளிச்சென்று இருக்கிறது.

ஆகவே ர., திட்டத்தை எழுதுவதும் நகர்த்துவதும் அழிப்பதும் ஒரே இடத்தில். அது திட்டச் செயலி என்றால் திட்டச் செயலி. மற்ற மூன்றும் ஒத்து ஊதட்டும். ட்ரெயினர் செயலியில் வந்து நிற்கும் பயிற்சியை அங்கேயே திருத்தாதீர்கள். கருவியில் தேதியை மாற்றாதீர்கள். கூகுளைத் தொடாதீர்கள். இதை மறுபடி சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். மூன்று முறை நிறுவியவரிடம் மூன்று முறை சொல்லலாம்.

செவ்வாய் எப்படித் திங்களானது என்று கேட்டிருந்தீர்கள். அது நேர மண்டலம். உங்கள் கருவிக்குச் செவ்வாய் என்றால் என்னவென்றே தெரியாது. ஃபிட் கோப்பு 1989 டிசம்பர் 31 நள்ளிரவிலிருந்து, யூ.டி.சி. (கிரீனிச்சை ஒட்டிய உலகப் பொது நேரம்) கணக்கில், எத்தனை விநாடி ஆயிற்று என்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கிழமை வைப்பது படிக்கிற செயலி. காலண்டர் பதிவிலும் அதே சிக்கல். கிரீனிச்சுக்குப் பல மணி நேரம் கிழக்கே இருப்பவரின் அதிகாலை ஐந்து மணி, யூ.டி.சி.யில் முந்தைய நாள் இரவு. யாரோ ஒருவர் மொழிபெயர்க்காமல் விட்டால் அப்படியே வந்து நிற்கும். திட்டச் செயலியின் புரொஃபைல், கூகுள் காலண்டரின் அமைப்பு, ட்ரெயினர் செயலி ஓடும் கணினி, மூன்றிலும் நேர மண்டலம் ஒன்றுதானா என்று பாருங்கள். சில சமயம் புரொஃபைல் கணக்குத் தொடங்கிய நாளில் இருந்த நிலையிலேயே வேறு நேர மண்டலத்தில் கிடக்கும். இதைச் சரிசெய்யாமல் விட்டால் ஓட்டியதும் திட்டமிட்டதும் வெவ்வேறு தேதியில் விழும். பொருத்துவதற்கு முதலில் பார்ப்பதே தேதியும் விளையாட்டு வகையும்தான். அப்படி விலகி விழுந்தால் ட்ரெயினிங்பீக்ஸில் ஓட்டியதைப் பிடித்துத் திட்டத்தின் மேல் போட்டால் ஒட்டிக்கொள்ளும். சமோவா நாட்டில் 2011 டிசம்பர் 30 என்ற வெள்ளிக்கிழமையே கிடையாது, தேதிக்கோட்டைத் தாண்டி வந்ததில் அந்த ஒரு நாளை விட்டுவிட்டார்கள். அன்று பயிற்சி வைத்திருந்தவரை நினைத்துக்கொள்வேன். அவர் பாடு தேவலை, நாளே இல்லை.

மற்றவை சில்லறை. ஸ்விஃப்ட் என்ற ட்ரெயினர் செயலியில் நாளைய பயிற்சி தெரியவில்லை என்று பதற வேண்டாம், ட்ரெயினிங்பீக்ஸிலிருந்து அன்றன்றைக்கு உரியதைத்தான் அது எடுக்கும். 'பத்து நிமிடம் மெதுவாக, பிறகு வேகமாக' என்று வெறும் குறிப்பு வரியாக எழுதியவை எந்தக் கருவிக்கும் போகாது, செயலியில் ஒவ்வொரு படியாகப் பிரித்துக் கட்டிய பயிற்சிதான் போகும். எஃப்.டி.பி. எண்ணை மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரே 90 சதவீதம் ஆளுக்கு ஒரு வாட் சொல்லும். இன்னொன்று: இணைப்பைச் சரிசெய்த பிறகு ட்ரெயினர் செயலியும் கருவியும் ஒரே ஓட்டத்தைப் பதிவு செய்தால் இரண்டும் வந்து சேர்ந்து கணக்கு இரட்டிக்கும். உள்ளே ஓட்டும்போது கருவியை அணைத்து வையுங்கள்.

எந்தச் செயலிக்கு மாறலாம் என்று கேட்டீர்கள். மாறாதீர்கள். மாறினால் ஐந்தாவது கதை ஒன்று கேட்க வேண்டிவரும். இன்று மாலை ஜெராக்ஸை அழித்துவிட்டு, புதன்கிழமை இன்னும் நிற்கிறதா என்று நாளை எழுதுங்கள். நாளை என்றால் நாளை மாலை. கூகுளுக்கு அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கொடுங்கள்.

அன்புடன்.